போட்டாச்சு

விளம்பரம் போட்டதும் என் மனைவி துளசிமணி சமையலறைக்குப் போனாள். அந்த விளம்பரம் இன்னும் முடியவில்லை.

அன்று தீபாவளி. திரைக்கு வந்து சில மாதங்களே ஆன படம். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்கள். அதில் குழந்தையாக நடித்த பெண்ணுக்குக் கல்யாணமாகி, அவள் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. படம் மட்டும் திரைக்கு வந்து சில மாதங்களே ஆகிறது.

கதாநாயகன் ரயிலில் ஏறிவிட்டான். கதாநாயகி பிளாட்பாரத்தில் நிற்கிறாள். கார்டு பச்சைக் கொடியை விரித்துவிட்டார். அவள் அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் விளம்பரம்.

"பாவிப் பசங்க" என்றாள் துளசிமணி. எழுந்து சேலையை உதறினாள். முறுக்குத் துணுக்குகள் உதிர்ந்தன. "அடுப்புல எண்ணெய் காயுதுங்க. போட்டாக் கூப்புடுங்க. அவ என்ன சொல்றான்னு நான் பாக்கோணும்."

"சரி அம்மிணி" என்றேன்.

எங்கள் ஈரோட்டு ஹவுசிங் யூனிட்டில் எல்லா வீட்டிலும் இதே ஏற்பாடுதான். விளம்பரம் போட்டால் பெண்கள் உள்ளே போவார்கள். ஆண்கள் டிவிக்குக் காவல். மறுபடி படம் வந்ததும் "போட்டாச்சு" என்று கத்த வேண்டும். ஆண்களை நம்பி வீட்டில் கொடுத்திருக்கும் ஒரே வேலை அது. உத்தியோகத்தில்கூட நான் அவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. இதில் ஒழுங்காக இருக்கிறேன்.

துளசிமணிக்கு முடிவு தெரியாமல் இருக்க முடியாது. நாவல் வாங்கிக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாள். "சேந்துடறாங்களான்னு தெரிஞ்சாத்தானுங்க நிம்மதியாப் படிக்க முடியும்" என்பாள். சேர்ந்துவிட்டால் முதல் பக்கத்துக்கு வருவாள். சேராவிட்டால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சினிமாவில் அப்படிப் புரட்ட முடியாது. அதனால் சினிமாமேல் அவளுக்குக் கொஞ்சம் கோபமும் நிறைய ஆசையும் உண்டு.

நடுவில் ஒரு நாள் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். துளசிமணியின் போட்டோவைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார்கள். மாலை போட்டார்கள். இலை போட்டுச் சாப்பிட்டார்கள். அவளுடைய தம்பி என் முன்னால் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டான்.

"மனசைத் தேத்திக்கோங்க மாமா" என்றான்.

"கொஞ்சம் தள்ளிக்க மாப்ளே, டிவி மறைக்குது" என்றேன்.

அவன் அழுதான். விளம்பரம் அப்படியொன்றும் சோகமானதல்ல. பற்பசைதான்.

துளசிமணி சமையலறையில்தான் இருக்கிறாள். கடுகு வெடிக்கிறது. கரண்டி விழுகிறது. யாரையோ திட்டுகிறாள், அநேகமாகக் கரண்டியை. சத்தம் ஹாலுக்குக் கேட்கிறது. வாசம் வருகிறது.

நடைதான் நீண்டுவிட்டது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள நடையைச் சொல்கிறேன். முதலில் அதில் ஒரு புளியமரம் முளைத்தது. மரம் இருந்தால் நிழல் இருக்கும், நிழல் இருந்தால் டீக்கடை வரும், வந்தது. கடைசியில் டவுன் பஸ் விட்டார்கள். ஹால் – சமையல்கட்டு, வழி: ஃபிரிட்ஜ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.

ஒரு தடவை நானும் அதில் ஏறினேன். ஃபிரிட்ஜ் தாண்டும்போது பின்னால் ரயில் கூவும் சத்தம் கேட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து ஹாலுக்கு ஓடிவந்தேன். ரயில்தான். ஆனால் மிட்டாய் விளம்பரத்து ரயில். கரடி ஓட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் புத்தி வந்தது. நான் இல்லாத நேரம் பார்த்துப் படத்தைப் போட்டுவிட்டால் அவளைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்? அதற்குப் பிறகு நான் ஹாலைவிட்டு அசையவில்லை.

ஆசை தாங்காத போது சும்மா கூப்பிட்டுப் பார்ப்பேன்.

"அம்மிணி!"

"என்னுங்க, போட்டாச்சுங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குங்க கூப்புடறீங்க? கையெல்லாம் மாவு."

இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இதைக் கேட்டுவிட்டால் எனக்கு அன்றைய பொழுது ஓடிவிடும்.

காலையில் பாட்டு கேட்பேன். எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருக்கிறது. ரேடியோவில் பாட்டு வரும்போது பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்து நான் பிடித்தது. இரண்டாவது சரணத்தில் பாடகர் மூச்சு இழுக்கும் இடத்தில் துளசிமணி கேட்பாள்: "ஏனுங், பாலை எறக்குனீங்களா?" நான் சொல்வேன்: "எறக்கியாச்சு." உடனே பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்கும். பிறகு பல்லவி.

பாட்டு அப்படித்தான். முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைக் கச்சேரிக்காரர்கள் பாடினார்கள். அந்த இடத்தில் பாலைப் பற்றி யாருமே கேட்கவில்லை. பாட்டைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏறுகிறார்கள்.

கேசட் கேட்க வேண்டுமானால் டேப்ரிக்கார்டரில் நாடா உரசும் தலையைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் துளசிமணி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். ஸ்பிரிட் பாட்டிலில் அடி மட்டும் மிச்சம். மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். கொரோனா சமயத்தில் ஜனங்கள் கையில் தேய்த்துத் தேய்த்து உலகத்து ஸ்பிரிட் மொத்தமும் தீர்ந்துபோய்விட்டது என்றார் கடைக்காரர். "இனிமே கெடைக்காதுங்களா?" என்றேன். "அடுத்த உலகத்துல பாக்கலாமுங்க" என்றார். அதிலிருந்து பஞ்சை நனைப்பதில்லை. மூடியைத் திறந்து வாசம் காட்டுவதோடு சரி.

இப்படியே போயிருந்தால் எனக்குக் குறையில்லை. ஒரு நாள் காலையில் கூப்பிட்டேன்.

"அம்மிணி!"

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"போட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"எனக்குத் தூக்கமா வருதுங்க" என்றாள். "இன்னிக்குப் போட்டாப் பாக்கறேன். இல்லீன்னா அடுப்பை அணைச்சுப்போட்டு இப்படியே படுத்துக்கறேன்."

துளசிமணி தூங்கிவிட்டால் எழுப்ப முடியாது. கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டுக் கூரை தீப்பிடித்து ஊரே கத்தியது. காலையில் எழுந்து, "என்னுங்க, கருகல் நாத்தம்?" என்று கேட்டவள் அவள். தூங்கிவிட்டால் பிறகு நான் 'போட்டாச்சு' என்று கத்தி என்ன பிரயோசனம்? கதாநாயகி என்ன சொன்னாள் என்று தெரியாமலே போய்விடுவாள்.

நான் புலவரிடம் யோசனை கேட்டேன்.

புலவர் அவினாசியப்பன் பக்கத்து வீட்டுக்காரர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பின் தினசரி காலண்டராகிவிட்டார். அவருடைய மருமகள்தான் அவரைக் கொண்டுவந்து எங்கள் ஹாலில் மாட்டினாள். "எங்க ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க உடமாட்டாருங்க மாமா" என்றாள். எங்களுடையது சொந்த வீடு. ஆணி இருந்தது. தினமும் காலையில் நான்தான் அவரைக் கிழிக்கிறேன். டிசம்பரில் எலும்பும் தோலுமாகிவிடுவார். ஜனவரி பிறந்தால் உடம்பு தேறிவிடும்.

"புலவரே, ஒரு சந்தேகம்" என்றேன்.

"முதலில் நேற்றைக் கிழியுங்கள். மெதுவாக."

கிழித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார்.

"படம் போடுவதற்கு முன்னாலேயே 'போட்டாச்சு' என்று சொல்லலாமா?"

"'போட்டாச்சு' இறந்த காலம். படம் இனிமேல்தான் வர வேண்டும். நடக்காததை நடந்ததாகச் சொல்வது வழு. அதாவது பிழை."

"ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே. பஸ் தூரத்தில் வரும்போதே 'பஸ் வந்தாச்சு' என்கிறோம். சாப்பிடக் கூப்பிட்டால் படுத்துக்கொண்டே 'வந்துட்டேன்' என்கிறோம்."

புலவரின் தாள்கள் சிலிர்த்தன. இலக்கணம் பேசினால் அவருக்கு அப்படி ஆகும்.

"அது வழுவமைதி. பிழைதான். ஆனால் பெரியவர்கள் மன்னித்துவிட்ட பிழை. அவசரத்தில் சொன்னால் குற்றமில்லை. காலம் நாக்குக்குப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்ளும். உங்களுக்கு அவசரமா?"

"ரொம்ப அவசரம்."

"எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறீர்கள்?"

"அந்தத் தீபாவளியிலிருந்து."

"அத்தனை தீபாவளி பொறுத்தவனுக்கு அவசரம் என்று எந்த இலக்கணமும் ஒப்புக்கொள்ளாது" என்றார் புலவர். "நீங்கள் சொன்னால் அது வெறும் பொய்."

நான் பால் விஷயத்தில் பொய் சொன்னவன்தான். ஆனால் பால் வேறு, படம் வேறு. அவள் மாவுக் கையோடு ஓடிவந்து டிவியில் கரடியைப் பார்த்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"வேறு வழி?"

"உங்கள் ராசிக்கு இன்று பலன் பார்த்தீர்களா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருடைய அடிப்பகுதியைப் படித்தேன். மேஷம் தாமதம். ரிஷபம் அலைச்சல். என் ராசிக்கு வரவு.

"பணம் எனக்கு எதற்குப் புலவரே?"

"வரவு என்றால் வருவது ஐயா" என்றார் புலவர். "பணம் என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போது டிவிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. சோப்பு விளம்பரத்தில் சட்டை துவைக்கிற பெண். எனக்குப் பழக்கமான முகம். துளசிமணியைப் பார்த்ததைவிட இவளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கையில் அதே வெள்ளைச் சட்டை, அதே காப்பிக் கறை. அவள் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே இறங்கினாள். சோபாவில் துளசிமணியின் இடத்தில் உட்காரப் போனாள்.

"அங்க வேண்டாம்மா" என்றேன். "ஆள் வருது."

நாற்காலியில் உட்கார்ந்தாள். பெயர் லதா என்றாள். மெட்ராஸ் பெண்.

"கை வுட்டுப்போச்சு சார்" என்றாள். "எவ்ளோ வருஷமா தொவைக்கிறது? சோப்பு போட்டா கறை போவும்னு சொன்னாங்க. நானும் சிரிச்சுக்கினே தொவைக்கிறேன். போவலை. கறை போனாதான் எங்க விளம்பரம் முடியும். எங்களுது முடிஞ்சாதான் படம்."

"படத்து ஆட்கள் எல்லாம்?"

"பின்னாடிதான் நிக்கிறாங்க. அந்தப் பொண்ணு பாவம், வாயத் தொறந்தது தொறந்தபடி. ஈ போவுது, ஈ வருது." சட்டையைப் பிழிந்தாள். "என் வூட்டுக்காரர்கிட்ட அரை நாள் ஷூட்டிங்னு சொல்லிட்டு வந்தேன் சார். சோறு வடிச்சு மூடி வெச்சிருப்பாரு."

இருவரும் கறையைப் பார்த்தோம். கறை விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவள் நடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.

"அம்மிணி!" என்றேன்.

நேரமானது. டீக்கடைக்காரர் பாய்லரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். புளியமரத்தில் காக்கைகூடக் கத்தவில்லை.

"போட்... டாச்சுங்களா?" கொட்டாவியோடு வந்தது.

"ஒரு கறை போகமாட்டேங்குது. காப்பிக் கறை."

"நம்மூட்டுக் காப்பியா, கடைக் காப்பியா?"

"விளம்பரத்துக் காப்பி."

"அது கறையே இல்லீங்க" என்றாள். குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. யாராவது முட்டாள்தனமாக எதையாவது செய்தால் அவளுக்குத் தூக்கம் தெளியும். "அவிங்க எங்க காப்பி ஊத்தறாங்க? பெயிண்ட்டு அது. சோப்புக்குப் போகுமா? டேப்ரிக்கார்டர் தொடைக்க ஸ்பிரிட் வெச்சிருப்பீங்கல்ல, அதை ஊத்தித் தேயுங்க."

"அது அடிதான் இருக்கு அம்மிணி."

"பத்தும். ஊத்துங்க."

நான் பாட்டிலை எடுத்தேன். டேப்ரிக்கார்டரைப் பார்த்தேன். உள்ளே கேசட் இருந்தது. 'பாலை எறக்குனீங்களா' என்று கேட்பதற்காக அந்தக் கேசட்டுக்குள் ஒருத்தி இரண்டாவது சரணத்தில் காத்திருக்கிறாள். இதை ஊற்றிவிட்டால் அவள் கிணற்றுக்குள் போய்விடுவாள். பிறகு தண்ணீருக்கு அடியில்.

"சார், வாணாம்னா வுடுங்க" என்றாள் லதா. "நான் தொவைக்கிறேன். பழகிடுச்சு."

"படம் இன்னும் எம்புட்டு இருக்குமுங்க?" என்று நடையின் கடைசியிலிருந்து கேட்டாள் துளசிமணி.

"கொஞ்சந்தான் அம்மிணி. முடியப் போகுது."

"அதைப் பாத்துப்போட்டே படுக்கறேன்."

ஆக, போட்டாலும் படுத்துவிடுவாள். போடாவிட்டாலும் படுத்துவிடுவாள். ஆனால் போட்டால் நடுவில் கொஞ்ச நேரம் இந்தச் சோபாவில் இருப்பாள். நாயகி அழுதால் அழுவாள். என்னை இடித்து, "பாத்தீங்களா, நாஞ் சொன்னேன்ல" என்பாள்.

பாட்டிலைக் கறைமேல் கவிழ்த்தேன்.

லதா தேய்த்தாள். கறை சுருங்கியது. சுருங்கி ஒரு பொத்தான் அளவானது. பொத்தான் கீழே விழுந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. சட்டை வெளுத்தது. அவ்வளவு வெள்ளையை நான் பார்த்ததில்லை. கண் கூசியது. லதாவின் முகத்தில் இருந்த சிரிப்பு முதல் முறையாகப் போய்விட்டது. அழுதாள்.

"வரேன் சார்" என்றாள். டிவிப் பக்கம் போகவில்லை. வாசல் கதவைத் திறந்துகொண்டு, ஈரச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடிப்படி இறங்கிப் போனாள்.

திரை இருண்டது. பிறகு ரயில் நிலையம் வந்தது.

ரயில் நிற்கிறது. கொடி விரிந்திருக்கிறது. கதாநாயகி வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

இந்த நாளுக்காக நான் வைத்திருந்த குரல் முதலில் வரவில்லை. தொண்டையில் தூசி. செருமிக்கொண்டேன்.

"அம்மிணி! போட்டாச்சு!"

ஹவுசிங் யூனிட் முழுக்கக் கேட்டிருக்கும். மாடி வீட்டில் யாரோ அவசரமாக டிவி போட்டார்கள்.

"நெசமாலுமா?"

"நெசமாலும்! போட்டாச்சு, போட்டாச்சு!"

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. டக்.

"இதா வந்துட்டனுங்க!"

"இறந்த காலம்" என்றார் புலவர், சுவரைப் பார்த்தபடியே. "ஆனால் அவசரம் இருக்கிறது. குற்றமில்லை."

கதாநாயகியின் உதடு அசைந்தது. நான் துள்ளி எழுந்து இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இரும்மா! இரு!"

அவள் நிறுத்திக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?" என்றாள்.

"வந்துட்டா" என்றேன்.

அவள் கார்டைத் திரும்பிப் பார்த்தாள். கார்டு கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கதாநாயகன் பெட்டியிலிருந்து இறங்கி டீ வாங்கப் போனான். அவள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அத்தனை காலமாகத் திறந்திருந்த வாயை மெதுவாக மூடி, தாடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

நடையின் அந்தக் கோடியில் கண்டக்டர் விசில் ஊதினார். இரண்டு ஊதல். பஸ் கிளம்பிவிட்டது.

நான் சோபாவில் உதிர்ந்திருந்த முறுக்குத் துணுக்குகளைத் தட்டிவிட்டேன். என் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தேன். வியர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் காற்று பட்டால் அவளுக்குத் தும்மல் வரும்.

மறுநாள் காலை புலவரைக் கிழிக்கக் கை நீட்டினேன்.

"வேண்டாம்" என்றார். "இந்தத் தாளே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நான் அவரைக் கிழிக்கவில்லை. நல்ல சதையோடு இருக்கிறார். என் ராசிக்கு வரவு.

கேசட் போடுவதில்லை. டீக்கடைக்காரர் அவ்வப்போது நடையிலிருந்து கை காட்டுகிறார். பஸ் வழியில் நின்று நின்று வருகிறதாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறுகிறதாம், எல்லாம் கையில் மாவோடு. ஜன்னலோரம் துளசிமணிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றார். தூங்கவில்லையே என்று கேட்டேன். இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்க்கிறாளாம்.

பெஞ்சிலிருந்து கதாநாயகி நிமிர்ந்தாள். ரயில் அவள் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா?" என்றாள்.

"ஃபிரிட்ஜ் தாண்டியாச்சு" என்றேன்.